“திரும்ப வருகிறது, நீக்கவும்”: இலியட் மெய்ப்பு குறித்துப் பதிப்பாசிரியர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் குழுவினருக்கு,

நீங்கள் அனுப்பிய இலியட் மெய்ப்புக் கட்டு போன மாதம் கூரியரில் வந்து சேர்ந்தது. டிராய் நகரத்தின்மேல் கிரேக்கர்கள் நடத்திய போரைப் பாடும் ஹோமரின் பழங்கிரேக்கக் காவியத்தை 704 பக்கமாக மொழிபெயர்த்து உங்களிடம் கொடுத்தேன்; அது 418 பக்கமாகத் திரும்பியிருக்கிறது. கூடவே ஒன்றரைப் பக்கக் கடிதம். அதன்படி, அடைமொழிகள் ஒருவருக்கு முதல் தடவை மட்டும் போதும். இரண்டாம் காண்டத்தின் கப்பல் பட்டியல் ஒரு பத்தியாகச் சுருங்கும். உவமைகள் ஒரு வரியைத் தாண்டக் கூடாது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் திரும்பச் சொல்லும் இடங்களில் “அவ்வாறே சொன்னான்” என்று போட்டுவிட்டு நகர வேண்டும். இந்த வரிசையில் அடுத்து வரும் ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசிக்கும் இதே விதிதான்.

இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. தொலைபேசியில் பேசியவர், “குழு முடிவு சார், ஒண்ணும் பண்ண முடியாது” என்றார். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். உங்களுக்காக ஒடிசியை மொழிபெயர்த்துக்கொண்டிருப்பவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவரும் படிக்கட்டும்.

இந்த மொழிபெயர்ப்புக்கு ஒன்பது வருடம் பிடித்தது. முதல் மூன்று வருடம் கிரேக்கம் கற்கவே போயிற்று. ஓய்வூதியம் வாங்குகிற ஆள், வேறு வேலை இல்லை, உட்கார்ந்து படித்தேன். அந்த உழைப்புக்காக எதையும் விட்டுக்கொடுக்கச் சொல்லி உங்களிடம் கேட்கவில்லை. நீங்கள் வெட்டியது என் உழைப்பாக மட்டும் இருந்திருந்தால் முணுமுணுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

மெய்ப்பின் ஓரத்தில் பச்சை மையில் ஒரே தொடர் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது: “திரும்ப வருகிறது. நீக்கவும்.” எண்ணிப் பார்த்தேன், 231 இடம். ஹோமர் சொன்னதையே சொல்கிறார் என்று குறைபட்டுக்கொள்பவர் அதை 231 தடவை எழுதியிருக்கிறாரே என்று என் மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலில் கப்பல் பட்டியல். இரண்டாம் காண்டத்தில் 494ஆம் அடியிலிருந்து 759ஆம் அடி வரை போகிறது. 29 படைப் பிரிவுகள், 1,186 கப்பல்கள். ஊர் பெயர், தலைவன் பெயர், எத்தனை கப்பல் என்ற கணக்கு. வாசகர் தாண்டிப் போய்விடுவார் என்கிறீர்கள். தாராளமாகத் தாண்டட்டும், நானே முதல் தடவை தாண்டியவன்தான். தாண்டியதற்குப் பதின்மூன்று காண்டம் கழித்து வருத்தப்பட்டுத் திரும்பி வந்தேன். திரும்பி வர அங்கே பக்கம் இருந்தது.

அந்தப் பட்டியலில் புரோதெசிலாவோஸ் என்று ஒருவன் வருகிறான். பிலாக்கே ஊர்க்காரன், நாற்பது கப்பலோடு வந்தவன். டிராய்க் கரையில் கிரேக்கர்களில் முதல் ஆளாகக் குதித்தான், குதிக்கும்போதே கொல்லப்பட்டான். ஊரில் அவன் மனைவி இரண்டு கன்னத்தையும் கீறிக்கொண்டு நிற்கிறாள். கட்ட ஆரம்பித்த வீடு பாதியில் நிற்கிறது. அந்தப் பாதி வீட்டுக்குக் கிரேக்கத்தில் இரண்டே சொல். பத்து வருடப் போரில் வீட்டுக்கு வீடு என்ன ஆனது என்பதை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்லிவிட முடியும்? சுருக்கம்தானே உங்களுக்கு வேண்டியது!

சரி, அதை நீக்கிவிட்டீர்கள். பதின்மூன்றாம் காண்டத்தில் போர் நடக்கும் இடத்தைச் சொல்லும்போது அவனுடைய கப்பல்கள் கரையில் நிற்பது பேச்சில் வருகிறது. அங்கே உங்கள் பச்சை மை கேட்கிறது: “யார் இவர்? முன்பு வரவில்லையே?” பதினைந்தாம் காண்டத்தில் டிராய் இளவரசன் ஹெக்டர் ஒருவழியாகக் கப்பல்களை எட்டிவிடுகிறான். ஒரு கப்பலின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு நெருப்புக் கொண்டுவரச் சொல்லிக் கத்துகிறான். அது புரோதெசிலாவோஸின் கப்பல். அவனை டிராய்க்குக் கொண்டுவந்த கப்பல், ஊருக்குத் திரும்பக் கொண்டுபோகாத கப்பல் என்று ஹோமரே அந்த இடத்தில் நினைவூட்டுகிறார். பதினாறாம் காண்டத்தில் தீப்பிடிப்பதும் அதுதான். முதலில் செத்தவனின் கப்பலில்தான் முதல் தீ. உங்கள் குறிப்பு: “பெயர் தேவையில்லை. ‘ஒரு கப்பல்’ என்றால் போதும்.”

நீங்களே வெளியேற்றிய ஆளை நீங்களே யாரென்று கேட்டு, கடைசியில் கப்பலுக்கும் பெயர் இல்லாமல் செய்துவிட்டீர்கள். இந்த இரண்டு பக்கத்தையும் ஒளிநகல் எடுத்து வைத்திருக்கிறேன். வேண்டுமானால் அனுப்புகிறேன்.

இந்தப் பட்டியல் பொழுதுபோகாமல் சொன்ன கணக்கு என்று பழங்கால மக்கள் நினைக்கவில்லை. சலாமிஸ் தீவு யாருக்கு என்று ஏதென்ஸுக்கும் மெகாராவுக்கும் தகராறு வந்தபோது, சலாமிஸிலிருந்து பன்னிரண்டு கப்பலோடு வந்த அயாஸ் அவற்றை ஏதென்ஸ்காரர்கள் பக்கத்தில் நிறுத்தினான் என்ற இந்தப் பட்டியலின் அடியைத்தான் ஏதென்ஸ் சாட்சியாகக் காட்டியது என்பார்கள். அதில் ஓரடியை ஏதென்ஸ்காரர்களே செருகிக்கொண்டார்கள் என்ற பேச்சும் அப்போதே இருந்தது. பட்டா போல வைத்துச் சண்டை போட்ட பக்கங்களைத்தான் நீங்கள் ஒரு பத்தியில் முடித்திருக்கிறீர்கள்.

அடுத்தது அடைமொழி. கிரேக்கரின் தலைசிறந்த வீரன் “விரைந்த கால் அகிலீஸ்” என்று வரும் இடமெல்லாம் வெறும் “அகிலீஸ்” ஆகிவிட்டான். ஓரிடத்தில் உங்கள் கேள்வி எழுத்துக்கு எழுத்து இப்படி: “உட்கார்ந்து கொண்டிருப்பவனை விரைந்த கால் என்பது முரண் அல்லவா?”

நல்ல கேள்வி. என்னிடம் கேட்டிருந்தால் மகிழ்ச்சியாகப் பதில் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடித்துவிட்டீர்கள்.

இலியட்டின் ஒவ்வொரு அடியும் ஆறு சீர். ஒரு சீர் என்பது ஒரு நீண்ட அசையும் இரண்டு குறுகிய அசையும், அல்லது இரண்டு நீண்ட அசை. கடைசிச் சீருக்கு எப்போதும் இரண்டே அசை. பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள் இப்படியே ஓடுகின்றன. பாடகன் எழுதி வைத்துக்கொண்டு பாடவில்லை. கூட்டத்தின் முன்னால் உட்கார்ந்து அந்த நொடியில் அடியைக் கட்டுகிறான். அடியின் முற்பாதியில் “இப்படிச் சொன்னான்” என்று முடித்துவிட்டால் மீதி இடத்தை ஒரு பெயர் நிரப்ப வேண்டும். ஐந்து அசைக்கு இடம் இருந்தால் “தீயோஸ் அகில்லெயுஸ்”, திவ்விய அகிலீஸ். ஏழு அசை என்றால் “போதாஸ் ஓக்குஸ் அகில்லெயுஸ்”, விரைந்த கால் அகிலீஸ். எட்டு அசை என்றால் அதற்கும் ஒரு தொடர் தயார். கொத்தனார் கைக்கு எட்டும் தூரத்தில் முழுச் செங்கல், முக்கால், அரை என்று அடுக்கி வைத்திருப்பார் அல்லவா, அதுபோல.

இதைக் கண்டுபிடித்தவர் மில்மன் பாரி என்ற அமெரிக்கர். 1928இல் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு கொடுத்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஏட்டில் நிரூபித்தது போதாதென்று 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியாவின் மலையூர்களில் அலைந்து, குஸ்லே என்ற ஒற்றைத் தந்தி வாத்தியத்தை வைத்துக்கொண்டு கதை பாடுகிறவர்களை அலுமினியத் தட்டுகளில் பதிவு செய்தார். அதே 1935 டிசம்பரில், முப்பத்து மூன்று வயதில் இறந்தும் போனார். உடன் போன ஆல்பர்ட் லார்ட் வேலையைத் தொடர்ந்தார். அவர்கள் கண்ட பாடகர்களில் அவ்தோ மெஜெதோவிச் என்ற கசாப்புக்காரர் ஒருவர். எழுதப் படிக்கத் தெரியாது. பன்னிரண்டாயிரம் அடிக்கு மேல் நீளும் ஒரே கதையைப் பாடிக் கொடுத்தார், ஏறக்குறைய ஒடிசி அளவு. ஒருநாள் அவர் முன்னால் வேறொரு பாடகரைவிட்டு, அவர் கேட்டே இராத இரண்டாயிரத்துச் சொச்சம் அடிக் கதையைப் பாட வைத்தார்கள். முடிந்ததும் அவ்தோ அதையே திரும்பப் பாடினார். ஆறாயிரம் அடியைத் தாண்டியது. ஆட்களுக்கு உடையும் குதிரைக்கு அலங்காரமும் மனதுக்குத் துயரமும் சேர்த்துக்கொண்டே போனார். உங்கள் குழுவில் அவருக்கு இடம் கிடைத்திருக்காது.

தமிழ்ப் பதிப்பகமான உங்களுக்கு இது அந்நியச் சங்கதியும் இல்லை. ஈழத்தின் க. கைலாசபதி பர்மிங்காமில் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்து, பாரியும் லார்டும் வகுத்த இதே வாய்பாட்டுக் கொள்கையைச் சங்கப் பாட்டில் வைத்துப் பார்த்தார். 1968இல் ஆக்ஸ்ஃபோர்டில் நூலாக வந்தது. அவர் முடிவுகளை எல்லாரும் ஏற்கவில்லை, அது வேறு கதை. ஆனால் “கொடித்தேர்ச் செழியன்”, “திண்தேர்ப் பொறையன்” என்று கேட்டுப் பழகிய காது நம்முடையது. செழியன் அந்தப் பாட்டில் தேரில் ஏறினானா என்று யாரும் பச்சை மையால் கேட்டதில்லை.

அடைமொழி வெறும் செங்கல்தான் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உட்கார்ந்திருக்கும் விரைந்த கால் அகிலீஸுக்கு வருகிறேன். முதல் காண்டத்தில் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னன்மேல் கோபித்துக்கொண்டு ஒதுங்கியவன் பதினெட்டாம் காண்டம் வரை போருக்கு எழுந்திருப்பதில்லை. அத்தனை நேரமும் அந்தப் பெயர் அவன்மேல் ஒட்டியிருக்கிறது. கடைசியில் இருபத்திரண்டாம் காண்டத்தில் ஓடுகிறான். ஹெக்டரைத் துரத்திக்கொண்டு ஊரை மூன்று தடவை சுற்றுகிறான், பிடிக்க முடியவில்லை. கனவில் துரத்துவதுபோல, ஓடுகிறவனும் தப்ப முடியாமல் துரத்துகிறவனும் எட்ட முடியாமல் ஓடுகிறார்கள் என்கிறார் ஹோமர். விரைந்த கால் என்று இருபத்தொரு காண்டம் கேட்டவனுக்குத்தான் அந்த ஓட்டத்தின் வேதனை ஏறும். உங்கள் 418 பக்கத்தில் அங்கே ஒருவன் ஓடுகிறான், அவ்வளவுதான்.

ஹெக்டரையும் பாருங்கள். அவனுக்கு ஓயாமல் வரும் அடைமொழி மின்னும் தலைக்கவசம். ஆறாம் காண்டத்தில் மனைவி அந்திரோமக்கே அவனைத் தடுத்துப் பேசுகிறாள், பதில் சொல்கிறவன் “மின்னும் தலைக்கவச ஹெக்டர்”. வழக்கமான தொடர், காது கவனிக்காமல் தாண்டும். இருபத்தைந்து முப்பது அடி கழித்துக் குழந்தையைத் தூக்கக் கையை நீட்டுகிறான். குழந்தை வீரிட்டுத் தாதியின் மார்பில் முகத்தைப் புதைக்கிறது. அப்பாவின் தலையில் இருக்கும் வெண்கலத்தையும், உச்சியில் ஆடும் குதிரைமயிர்க் குஞ்சத்தையும் பார்த்துப் பயம். அப்பாவும் அம்மாவும் சிரிக்கிறார்கள். அவன் கவசத்தைக் கழற்றித் தரையில் வைக்கிறான், அது அங்கே கிடந்து மின்னுகிறது. அப்புறம்தான் குழந்தையை வாங்கி முத்தமிடுகிறான். அடைமொழியை நீங்கள் எடுத்துவிட்டதால் அவன் கழற்றி வைப்பது வெறும் தொப்பியாகிவிட்டது.

ஒன்றில் மட்டும் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. தெய்வங்களின் அரசன் ஜீயஸின் மனைவி ஹீராவை நான் “மாட்டுக்கண் ஹீரா” என்று முதலில் எழுதியிருந்தேன். நம் ஊரில் சிரிப்பார்கள், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக நீங்கள் “மான்விழி” என்று மாற்றியது சரியாகாது. மூலத்தில் இருப்பது மாடுதான். ஈரமாய்ப் பெரிதாய் அசையாமல் பார்க்கும் கண்; ஜீயஸையே நேருக்கு நேர் முறைக்கிறவளுக்கு மருண்ட மான்விழி எப்படிப் பொருந்தும்? “ஆவிழி ஹீரா” என்று போடலாம். பேசிக்கொள்ளலாம்.

இப்போது ஒன்பதாம் காண்டம். நீங்கள் செய்ததில் பெரிய சேதம் இங்கேதான்.

போர் தோற்கும் நிலையில் அகமெம்னன் இறங்கி வருகிறான். அகிலீஸுக்கு என்னென்ன தருவேன் என்று சபையில் அடுக்குகிறான். தீ படாத ஏழு முக்காலிகள், பத்துத் தாலந்து பொன், இருபது கொப்பரைகள், பந்தயம் வென்ற பன்னிரண்டு குதிரைகள், லெஸ்போஸ் தீவின் ஏழு பெண்கள், அகிலீஸிடமிருந்து தான் பிடுங்கிக்கொண்ட பெண் பிரிசெயிஸ், டிராய் விழுந்தால் இன்னும் இன்னும், தன் மூன்று மகள்களில் ஒருத்தி, ஏழு ஊர்கள். ஒடிசியஸ் தூது போய் அகிலீஸிடம் அந்தப் பட்டியல் முழுவதையும், கிட்டத்தட்டச் சொல்லுக்குச் சொல், திரும்ப ஒப்பிக்கிறான். முப்பத்தைந்து அடிக்கு மேல். நீங்கள் இதை “அகமெம்னன் சொன்ன பரிசுகளை ஒடிசியஸ் எடுத்துரைத்தான்” என்று ஒரே வரியாக்கிவிட்டீர்கள்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். இரண்டு வருடமாக அங்கே இந்த மொழிபெயர்ப்பை வாய்விட்டு வாசித்து வந்தேன். கேட்கிறவர்களில் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர் ஒருவர். புத்தகம் கையில் எடுக்கமாட்டார், கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், சில நாள் தூங்குகிறாரோ என்று சந்தேகமாக இருக்கும். ஒன்பதாம் காண்டம் வாசித்த அன்று எனக்கே உள்ளுக்குள் கொஞ்சம் பயம், இரண்டாம் தடவை அதே பட்டியலை வாசித்தால் எழுந்து டீக்கடைக்குப் போய்விடுவார்களோ என்று. முக்காலி வந்தது, கொப்பரை வந்தது, குதிரை வந்தது. ஒரு பெண்மணி எனக்கு முன்னால் “ஏழு ஊர்” என்று தானே சொல்லிவிட்டார். ஒடிசியஸ் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. “உனக்கு அகமெம்னன்மேல் வெறுப்பு என்றாலும் மற்ற கிரேக்கர்மேல் இரக்கம் வை” என்கிறான். ஓட்டுநர் கண்ணைத் திறந்தார்.

“நில்லுங்க சார். ராஜா கடைசில ஒண்ணு சொன்னானே, அதை இவன் சொல்லலியே?”

என்ன சொன்னான் என்று கேட்டேன்.

“எனக்குப் பணிஞ்சு போகட்டும், நான்தான் பெரியவன்னு சொன்னான்ல? அதை முழுங்கிட்டான் பாருங்க. புரோக்கர் வேலை!”

அதேதான். அகமெம்னன் தன் பேச்சை முடிக்கும்போது, அவன் இறங்கி வரட்டும், இறங்கி வராதவன் பாதாளத் தெய்வம் ஹேடஸ் ஒருவன்தான், அதனால்தான் தெய்வங்களிலேயே அவனை மனிதர் அதிகம் வெறுக்கிறார்கள், நான் அவனைவிடப் பெரிய அரசன், வயதிலும் மூத்தவன், எனக்குப் பணியட்டும் என்கிறான். நான்கு அடி. ஒடிசியஸ் கவனமாக விட்டுவிடுவது அந்த நான்கு அடியை மட்டும். அடுத்து அகிலீஸ் வாயைத் திறந்து சொல்லும் பதிலின் தொடக்கத்திலேயே, மனதில் ஒன்றை ஒளித்துக்கொண்டு வேறொன்றைப் பேசுகிறவன் எனக்கு ஹேடஸின் வாசலைப்போல வெறுப்பானவன் என்கிறான். ஹேடஸ் பேச்சை அவன் கேட்கவே இல்லை. ஆனாலும் அதே பெயர், அதே வெறுப்பு, திருப்பி அடிக்கிறது. முழுவதும் திரும்பச் சொன்னால்தான் விடுபட்டது தெரியும். காதால் கேட்டு வளர்ந்த கூட்டத்துக்காகச் செய்த வேலை இது, காதால் மட்டும் கேட்ட ஓட்டுநர் ஒரே வாசிப்பில் பிடித்துவிட்டார். உங்கள் ஒற்றை வரியைப் படிக்கும் வாசகருக்கு அகிலீஸ் ஏன் திடீரென்று பொய்யர்களைத் திட்டுகிறான் என்பதே புரியாது. உங்கள் மெய்ப்பில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வேறு இருக்கிறது!

ஆயுதம் பூணும் காட்சிகளுக்கும் இதே கதிதான். நான்கு இடத்தில் விரிவாக வருகிறது: மூன்றாம் காண்டத்தில் ஹெக்டரின் தம்பி பாரிஸ், பதினொன்றில் அகமெம்னன், பதினாறில் பாத்ரோக்லஸ், பத்தொன்பதில் அகிலீஸ். முழங்கால் காப்பு, மார்புக் கவசம், வாள், கேடயம், தலைக்கவசம், ஈட்டி என்று வரிசை மாறாது. மூன்றை நீக்கிவிட்டு அகிலீஸை மட்டும் வைத்திருக்கிறீர்கள், “ஒன்று போதும்” என்று. பாத்ரோக்லஸ் நண்பன் அகிலீஸின் கவசத்தைப் போட்டுக்கொண்டு போகும்போது வரிசை கடைசியில் தடுக்குகிறது. அகிலீஸின் அந்தப் பெரிய ஈட்டியை மட்டும் அவன் எடுப்பதில்லை. பீலியன் மலையின் மரத்தில் செய்தது, வேறு எவனாலும் சுழற்ற முடியாதது. கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு அங்கேயே வயிற்றைப் பிசையும், இவன் திரும்பி வரமாட்டான் என்று. மூன்று காண்டம் கழித்து அகிலீஸ் அதே ஈட்டியை உறையிலிருந்து உருவும்போது அதே அடிகள் திரும்ப வருகின்றன. முதல் தடவை எடுக்காமல் விட்ட ஈட்டி, இரண்டாம் தடவை பாத்ரோக்லஸைக் கொன்ற ஹெக்டரைப் பழிவாங்க எடுத்த ஈட்டி. முந்தியதை வெட்டியபின் பிந்தியது வெறும் ஈட்டி.

உவமைகளைப் பற்றி அதிகம் எழுதினால் கோபம் கூடும், ஒன்றோடு நிறுத்துகிறேன். இருபத்தொன்றாம் காண்டத்தில் ஸ்காமந்தர் ஆறு அகிலீஸைத் துரத்துகிறது. ஊற்றிலிருந்து தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவன் கையில் மண்வெட்டியோடு வாய்க்காலில் அடைப்பை எடுத்துவிடுகிறான். தண்ணீர் கூழாங்கற்களை உருட்டிக்கொண்டு சலசலத்துச் சரிவில் இறங்கி, வழிகாட்டுகிறவனையே முந்திக்கொண்டு ஓடுகிறது. ஆறு அகிலீஸை அப்படி முந்தியது என்கிறார். நீங்கள் போட்டிருப்பது: “ஆறு வேகமாகத் துரத்தியது.” என் அப்பா மடை திறந்துவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடப்பார். நான் வாய்க்கால் ஓரமாகத் தண்ணீரோடு போட்டி போட்டு ஓடுவேன், அதுதான் ஜெயிக்கும். இதைக் கிரேக்கத்தில் முதலில் படித்த அன்று அகராதியை மூடிவிட்டுக் கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தமிழ் வாசகருக்கு அந்நியமாக இருக்கும் என்று நீங்கள் நீக்கியதில் இதுவும் ஒன்று.

சுருக்கவேண்டும் என்று தோன்றிய முதல் ஆட்கள் நீங்கள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்தில் ஹோமரைப் பதிப்பித்த ஸெனோதோதஸ் இருந்தார். இரண்டாம் காண்டத்தில் ஜீயஸ் ஒரு கனவையே தூதாக்கிச் சொல்லியனுப்பும் செய்தியைக் கனவு அகமெம்னனிடம் ஒப்பிக்கிறது, அகமெம்னன் அதையே சபையில் ஒப்பிக்கிறான். மூன்றாவது தடவை அலுத்துப்போய் அவர் பத்துச் சொச்சம் அடியை இரண்டாகக் குறைத்துவிட்டார். அவருக்குப் பின் வந்த அரிஸ்தார்க்கஸ் வேறு மாதிரி ஆள். ஓர் அடி ஹோமருடையதாக இருக்காது என்று பட்டால் அதன் ஓரத்தில் ஒரு சிறு கோடு போடுவார். அந்தக் கோட்டுக்கு ஓபெலோஸ் என்று பெயர், கறி வாட்டும் கம்பி என்று பொருள். கோடு ஓரத்தில், அடி அதன் இடத்தில். வெனிஸில் இருக்கும் பத்தாம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதியில் அந்தக் கோடுகளை இன்றும் பார்க்கலாம். சொல்லியனுப்பிய செய்தி இரண்டு மூன்று தடவை அதே சொற்களில் வந்துதான் தீரும் என்று ஸெனோதோதஸுக்குப் பதில் சொல்லும் குறிப்பும் அதே பிரதியின் ஓரத்தில் இருக்கிறது. ஸெனோதோதஸின் இரண்டு அடி இப்போது அடிக்குறிப்பில் கிடக்கிறது. அவர் வெட்டிய அடிகள் எல்லாப் பதிப்பிலும் இருக்கின்றன.

காகித விலை தெரியாமல் பேசவில்லை. 704 பக்கப் புத்தகம் என்ன விலைக்கு வரும், எத்தனை போகும் என்பது உங்கள் கவலை, நியாயமான கவலை. அதற்கு வழி இருக்கிறது. கீழே கேட்பவை அதையும் மனதில் வைத்துத்தான்.

கப்பல் பட்டியலை முழுதாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். சிறிய எழுத்தில், பக்கத்துக்கு இரண்டு பத்தியாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஓர் அச்சுப் பாரத்துக்குள் அடங்கிவிடும். அந்தப் பாரத்தின் செலவை என் ராயல்டியில் கழித்துக்கொள்ளலாம், எழுதித் தருகிறேன்.

ஒன்பதாம் காண்டத்தில் ஒடிசியஸின் பேச்சும், ஆயுதம் பூணும் நான்கு காட்சிகளும், “அவ்வாறே சொன்னான்” என்று நீங்கள் குறுக்கிய மற்ற இடங்களும் மூலத்தில் உள்ள நீளத்துக்குத் திரும்ப வேண்டும். உவமைகளும் அப்படியே. இதில் பேரம் இல்லை.

அடைமொழிகள் திரும்ப வேண்டும். தமிழில் இடறும் இடங்கள் என்று நீங்கள் கருதுபவற்றைப் பட்டியலிட்டு அனுப்புங்கள், உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேசலாம். ஆவிழி ஹீராவிலிருந்து தொடங்கலாம்.

வாசகர் தாண்டிப் போகலாம் என்று உங்களுக்குப் படும் பகுதிகளுக்கு ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். முன்னுரையில் அதன் பொருளைச் சொல்லிவிடுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

சுருக்கப் பதிப்புதான் வேண்டும் என்றால் அட்டையிலேயே “சுருக்கம்” என்று போட வேண்டும், மொழிபெயர்ப்பாளர் என்று என் பெயர் வரக் கூடாது. இந்த மடலின் ஒரு படியை ஒடிசி மொழிபெயர்ப்பாளருக்கு நீங்களே அனுப்பிவைக்க வேண்டும்.

எழுத்தில் பதில் வேண்டும், இந்த மாதம் 30ஆம் தேதிக்குள். அதுவரை அச்சு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடமாட்டேன்.

கடைசியாக, மெய்ப்பின் 418ஆம் பக்கம். கிரேக்கத்தில் இலியட்டின் கடைசிச் சொல்லே ஓர் அடைமொழிதான், குதிரைகளைப் பழக்குகிறவன் என்பது. நான் “குதிரை பழக்கும் ஹெக்டருக்கு அவர்கள் இப்படி ஈமக்கடன் செய்தார்கள்” என்று எழுதியிருந்தேன். நீங்கள் “ஹெக்டரின் இறுதிச்சடங்கு முடிந்தது” என்று மாற்றியிருக்கிறீர்கள், ஓரத்தில் அதே பச்சை மைக் குறிப்போடு. மற்ற 230 இடத்துக்கும் முன்னால் அந்த ஒரு வரியைத் திருத்தி, அந்தப் பக்கத்தை மட்டுமாவது எனக்கு முதலில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இலியட் மொழிபெயர்ப்பாளன்